அந்த ஆள் வீட்டு வாடகை எப்படிக் கட்டுகிறான்?

ஒரு படம் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கிற வழி கொஞ்சம் அல்பமானது. இடைவேளையில் டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று, இந்த ஆள் வீட்டு வாடகை எப்படிக் கட்டுகிறான் என்று யோசிப்பேன். பதில் தெரிந்தால் அநேகமாகப் படம் தேறிவிடும். தெரியாவிட்டால், எத்தனை கோடி செலவழித்திருந்தாலும், எத்தனை விழாவுக்குப் போய் வந்திருந்தாலும், எனக்கும் அந்தப் படத்துக்கும் ஒத்துவராது. "நீ படம் பார்க்கப் போறியா, ஆடிட்டிங் பண்ணப் போறியா" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் 2024, 2025 இரண்டு வருடப் படங்களை இந்த ஒரு கேள்வியை வைத்து அடுக்கிப் பார்த்தால் பெரிய படம், சின்னப் படம் என்று நாம் போட்டு வைத்திருக்கிற கோடு கலைந்துவிடுகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். கதை வெளிப்படும், பார்க்காதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.

முதலில் 'கூலி'. 2025 ஆகஸ்ட் 14, ரஜினி சினிமாவுக்கு வந்து ஐம்பது வருடம் நிறைகிற நேரம், லோகேஷ் கனகராஜ், அனிருத், நாகார்ஜுனா, உபேந்திரா, போதாததற்கு ஆமிர் கான். நானும் விசில் அடித்தேன், மறைக்கவில்லை. ரஜினி அமைதியாக உட்கார்ந்து பேசுகிற காட்சிகளில் இந்த வயதிலும் யாராலும் கிட்ட வர முடியவில்லை. சௌபின் ஷாஹிர்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார், 'மோனிகா' பாட்டில் பூஜா ஹெக்டேவை விட்டுவிட்டு எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். ஆனால் படத்தின் பெயர் கூலி. அந்தத் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவனாவது சம்பளம் வாங்குவதை, கணக்குப் பார்ப்பதை, வீட்டுக்கு அரிசி வாங்கிப் போவதைப் பார்த்தோமா? தொழிலாளர்கள் அங்கே சாவதற்கும், பின்னணியில் கும்பலாக நிற்பதற்கும், ஃபிளாஷ்பேக்கில் தலைவரை அண்ணாந்து பார்ப்பதற்கும் மட்டுமே இருக்கிறார்கள். சடலத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் சாம்பலாக்குகிற ஒரு நாற்காலியை சத்யராஜ் கண்டுபிடிக்கிறார், அதிலிருந்துதான் கதையே கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் அந்த நாற்காலியைப் படமே மறந்துவிடுகிறது. ஏ சான்றிதழை மாற்றச் சொல்லித் தயாரிப்பு நிறுவனம் உயர் நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடியானது. அவ்வளவு வெட்டுக்குத்து தேவையா என்று அந்த நேரத்தில் திரைக்கதை மேஜையில் யாராவது கேட்டிருக்கலாம்.

உண்மையிலேயே கூலியைப் பற்றிய படம் அதற்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. மாரி செல்வராஜின் 'வாழை'. வாழைத்தார் சுமக்கிறவர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். அந்த ஒரு ரூபாயை வாங்கிவிட்டோம் என்று ஊரே சந்தோஷப்படுகிறது. அந்த ஒரு ரூபாயை வேறு எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று வியாபாரி கணக்குப் போடுகிறான். ஆட்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார வைத்து அனுப்புவதுதான் அவன் கண்டுபிடித்த வழி. 1999இல் ஸ்ரீவைகுண்டம் பக்கம் நடந்த லாரி விபத்துதான் படத்துக்கு அடிப்படை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது விபத்தை விதி என்று விட்டுவிடாமல் அந்த ஒரு ரூபாயிலிருந்து பின்தொடர்ந்து போனது. கடைசியில் ஊரே ஒப்பாரி வைக்கும்போது அந்தப் பையன் பசி தாங்காமல் சோற்றில் கை வைக்கிறான் பாருங்கள், அதற்கு என்னால் எதுவும் எழுத முடியாது. ஆனால் அதற்கு முன்பு டீச்சர் மேல் பையனுக்கு வருகிற ஈர்ப்பை, பழைய பாட்டைப் போட்டு, நிகிலா விமலை மெதுவாகத் திரும்ப வைத்து, இவ்வளவு நேரம் இழுத்திருக்க வேண்டாம். பையன்களாக வருகிற பொன்வேலும் ராகுலும் ரஜினியா கமலா என்று சண்டை போடுகிற காட்சிகளே அந்தப் பிராயத்தைக் காட்டப் போதுமானதாக இருந்தன.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படுகிற ஜோடி. 2025 ஜூலை 4 அன்று ஒரே நாளில் '3பிஹெச்கே', 'பறந்து போ' இரண்டும் வந்தன. யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல இருந்தன. முதல் படத்தில் ஒரு குடும்பம் இருபது வருடம் சொந்த வீட்டுக்காக உருகுகிறது. இரண்டாவதில் ஒரு அப்பனும் மகனும் வீட்டை விட்டு பைக்கில் ஓடிப்போகிறார்கள், தவணை வசூலிக்க வருகிற ஆள் பின்னாலேயே.

வீட்டுக் கடனில் இருக்கிறவன் என்பதால் '3பிஹெச்கே'வுக்கு நான் பாதி தோற்றுத்தான் உள்ளே போனேன். சரத்குமார் சம்பளக் கணக்கை எழுதுகிற நோட்டு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஃப்ளாட் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை, பால்கனி எந்தப் பக்கம் என்று தங்கை கேட்பது, அடுத்த முறை போகும்போது விலை எகிறியிருப்பது, எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தவைதான். ஆனால் இயக்குநர் ஸ்ரீ கணேஷ் ஒரு சூத்திரத்தில் மாட்டிக்கொள்கிறார். அட்வான்ஸ் கட்டப் பணம் சேரும், உடனே ஒரு செலவு வந்து விழும். மறுபடி சேரும், மறுபடி விழும். மூன்றாவது தடவை எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் இரக்கம் போய், அடுத்து யாருக்கு உடம்பு முடியாமல் போகும் என்று எதிர்பார்க்கிற கெட்ட புத்தி வந்துவிட்டது. மீதா ரகுநாத்தின் கதாபாத்திரத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். அண்ணன் படிப்புக்காக அவள் விட்டுக்கொடுக்கிறாள், அப்புறம் ஒரு மோசமான கல்யாணத்தில் மாட்டிக்கொள்கிறாள். அதைப் படம் முதலில் அவளுடைய துயரமாகப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குச் சேர்த்த பணத்துக்கு வந்த இன்னொரு இடைஞ்சலாகத்தான் பார்க்கிறது. இவ்வளவு சொன்னாலும், அப்பா ஆசைப்பட்டார் என்று ஐடி வேலையில் உட்கார்ந்து புழுங்குகிற சித்தார்த் வயதான பிறகு மெக்கானிக்கல் பக்கம் திரும்புகிற இடம் நன்றாக இருந்தது. வீடு என்கிற ஒரே இலக்கை வைத்துக்கொண்டு ஓடுகிற படத்தில் அந்த இடம்தான் கொஞ்சம் மூச்சு விட்டது.

'பறந்து போ' ராம் எடுத்த படமா என்று டைட்டிலை இரண்டு தடவை பார்க்கத் தோன்றும். 'தங்கமீன்கள்', 'பேரன்பு' எடுத்தவர், ஒவ்வொரு படத்திலும் நம்மை அழவைத்து அனுப்பியவர், இதில் மிர்ச்சி சிவாவை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட படம், ஆனால் விழாப் படத்துக்கான முகத்தை வைத்துக்கொள்ளவே இல்லை. சிவா நடிக்கிற கோகுல் ஆர்கானிக் மளிகை வியாபாரம் பார்க்கிறான், ஓடவில்லை. மனைவி குளோரி கோயம்புத்தூரில் புடவை விற்கப் போயிருக்கிறாள். மகன் அன்பை ஃப்ளாட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இருவரும் சம்பாதிக்க முடியும். பாருங்கள், ஒரு குடும்பத்தின் மொத்த வரவுசெலவும் முதல் அரை மணி நேரத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஒருத்தரும் உட்கார்ந்து புலம்பவில்லை. பிறகு அந்தப் பையன் கிளம்பி ஓடுகிறான், மரம் ஏறுகிறான், மலை ஏறுகிறான், அப்பன் மூச்சிரைக்கப் பின்னால் போகிறான். குளோரியாக வருகிற கிரேஸ் ஆண்டனி போனில் கணவனைச் சமாளித்துக்கொண்டே ஸ்டாலில் வாடிக்கையாளரைச் சமாளிக்கிற காட்சிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவு நுணுக்கம்.

குறை இல்லாமல் இல்லை. சின்னச்சின்னப் பாட்டாக வந்துகொண்டே இருக்கிறது, பாதிக்கு மேல் அந்த வேடிக்கை தீர்ந்துவிடுகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை பாவம் என்கிற பகுதி எனக்கு ஒட்டவில்லை. முக்கியமாக, அந்த ஓட்டம் முடிந்த பிறகு தவணை என்ன ஆகும்? படம் அதைச் சிரித்து மழுப்பிவிடுகிறது. இருந்தாலும் என்னிடம் கேட்டால், ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க இந்த இரண்டில் எது என்றால், யோசிக்காமல் 'பறந்து போ' என்றுதான் சொல்வேன். 3பிஹெச்கே பார்த்தால் பிள்ளை நம்மைக் குற்ற உணர்ச்சியோடு பார்க்கும், அது எதற்கு.

இதே வகையில் 'குடும்பஸ்தன்' இருக்கிறது, அதைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், கடனுக்கு மேல் கடன் வாங்கி, கடன் செயலிகாரனுக்குப் பயந்து ஓடுகிற மணிகண்டனை எல்லோருக்கும் பிடித்தது. எனக்கு குரு சோமசுந்தரம் நடித்த மாமா பாத்திரம்தான். குடும்ப விசேஷங்களில் வந்து "இப்ப என்ன மாப்ளே பண்றீங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரிக்கிற அந்த ஆளைத் தெரியாத தமிழன் கிடையாது.

'மகாராஜா'வில் காசுதான் துப்பு. குப்பைத்தொட்டி காணவில்லை என்று ஸ்டேஷனுக்கு வருகிற ஒரு முடிதிருத்துபவர், அதைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கில் லஞ்சம் தருகிறேன் என்கிறார். அந்தத் தொகையைக் கேட்டவுடனே போலீசுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்ட வேண்டும், தட்டுகிறது. நிதிலன் சாமிநாதன் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போட்ட விதத்தைச் சீனாவில் கூட ரசித்தார்கள். விஜய் சேதுபதி தன் ஐம்பதாவது படத்துக்கு வேறு எதையாவது பளபளப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம், காதில் கட்டோடு வந்து நின்றார், அதற்கு ஒரு சலாம். ஆனால் ஒரு பெண் பிள்ளைக்கு நடக்கிற கொடுமையைக் கடைசி நிமிடத் திருப்பத்துக்கு எண்ணெயாக ஊற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கைதட்டல் வந்த இடத்தில் எனக்குக் கை எழவில்லை. நண்பர்கள் இதற்காக என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

என் வாடகைக் கணக்கு செல்லுபடியாகாத படம் ஒன்று உண்டு, 'கொட்டுக்காளி'. 'வாழை' வந்த அதே 2024 ஆகஸ்ட் 23 அன்றுதான் இதுவும் வந்தது. பெர்லினில் காட்டப்பட்ட படம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு, 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜ். வேறு சாதிப் பையனைக் காதலிக்கிற மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஒரு ஆட்டோவிலும் பைக்கிலுமாகக் குடும்பமே சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ உறுமல், சேவல், காற்று, தொண்டையில் சுண்ணாம்பு தடவிய, பாண்டியாக வருகிற சூரியின் கட்டைக் குரல். மீனாவாக வருகிற அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை, அவளைச் சுற்றி ஆண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒதுங்குகிறார்கள், குடிக்கிறார்கள், கோபப்படுகிறார்கள். வழியில் ஒரு மாடு மறித்துக்கொண்டு நிற்கும், இத்தனை மீசைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது ஒரு சின்னப் பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போவாள். தியேட்டரில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அதுதான். ஒலிபெருக்கியில் வருகிற பாட்டை மீனா முணுமுணுத்துவிட்டாள் என்பதற்காகப் பாண்டி வெறிபிடித்து எல்லோரையும் அடிக்கிற காட்சிக்குப் பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

இதைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று சினிமாக்காரர்களே சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்தச் சத்தங்களுக்கு நல்ல ஸ்பீக்கரும் இருட்டும் வேண்டும். ஆனால் படம் சட்டென்று நின்றபோது எனக்குப் பின்னால் இருந்தவர் "அவ்ளோதானா?" என்று கேட்டார், அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. சாமியாடி இன்னொரு பெண்ணுக்குச் செய்வதைப் பார்த்துப் பாண்டி முகம் மாறுகிறது, அங்கேயே முடித்துவிட்டு மிச்சத்தை நம் தலையில் கட்டுகிறார்கள். மசாலாப் படத்துக்கு ஃபார்முலா உண்டென்றால் விழாப் படத்துக்கும் இப்போது ஒன்று வந்துவிட்டது. நடப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நீளமாகப் போகிற கேமரா, வறண்ட நிலம், அப்புறம் கேள்விக்குறியில் முடிவு. முதல் இரண்டும் இந்தப் படத்துக்கு அவசியம். மூன்றாவது, இயக்குநருக்கே பாண்டி என்ன செய்வான் என்று தெரியுமா என்கிற சந்தேகத்தை எனக்குக் கிளப்பியது. மோசமான படத்தில் இப்படி ஒரு சந்தேகம் வந்திருந்தால் வண்டியை எடுக்கும்போதே மறந்திருப்பேன், இது நல்ல படம் என்பதால்தான் உறுத்துகிறது.

பழைய பாட்டு விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். 'குட் பேட் அக்லி' அஜித்தின் பழைய படங்களையும் மற்றவர்களின் பழைய பாட்டுகளையும் ஒட்டிக் கோர்த்த மாலை. 'ஒத்த ரூபாயும் தாறேன்' வரும்போது தியேட்டர் ஆடியது, 'சுல்தானா' வரும்போது இன்னும் ஆடியது. ஆடிய சந்தோஷம் அந்தப் பாட்டுகளுடையது, இந்தப் படம் சம்பாதித்ததில்லை. இளையராஜா வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை வந்து, நெட்ஃபிளிக்ஸ் படத்தையே இறக்கியபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதையே 'லப்பர் பந்து' எப்படிச் செய்தது என்று பாருங்கள். கெத்து என்கிற பாத்திரம் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் மைக்செட்டில் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஓடும். 1989 பாட்டு, விஜயகாந்த் படம். ஊரில் கிரிக்கெட் ஆடுகிற ஒரு நடுத்தர வயது ஆள் தன்னை யாராக நினைத்துக்கொண்டிருக்கிறான், ஊர் அவனை எப்படிக் கொண்டாடுகிறது, அவன் மனைவிக்கு ஏன் எரிகிறது, எல்லாமே அந்தப் பாட்டு தொடங்கின உடனே வந்துவிடுகிறது. விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நேரம் வேறு, பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனைவியாக மைதானத்துக்குள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வருகிற ஸ்வாசிகாவை அதற்கு முன்பு தமிழில் யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை. யாரை அணியில் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் வெளியே நிறுத்துவது என்பதில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழரசன் பச்சமுத்து ஒரு மேடைப் பேச்சும் இல்லாமல் காட்டிவிட்டார். இந்த இரண்டு வருடத்தில் எனக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால் இதுதான், சந்தேகமே இல்லை.

'மெய்யழகன்' பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. வெளியான பிறகு பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள், அது தப்பு. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசுகிற படத்தில் பேச்சை வெட்டினால் எதைப் பார்க்கப் போகிறோம்? பிடித்தால் உட்காரட்டும், பிடிக்காதவர்கள் எழுந்து போகட்டும். 'இந்தியன் 2'வையும் 'கங்குவா'வையும் வெட்டியது வேறு கதை, அங்கே எந்த நிமிடத்தை எடுத்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. ('கங்குவா'வுக்குச் சத்தத்தையும் குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் கேட்க வேண்டி வந்தது.) மணமேடையில் அரவிந்த் சாமி கொண்டுவந்த நகைகளைத் தங்கை அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்கிற காட்சிக்கு நான் அழுதேன். விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொருத்தன் பிழைப்பையே தூக்கிவிட்டது என்கிற விஷயமும் என் கணக்குக்குச் சரியாக வருகிறது. ஆனால் கார்த்தி பாத்திரம் இவ்வளவு நல்லவனாக இருப்பது எனக்கு நடு ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. ஒரு இடத்தில் எரிச்சல்படு, யாரையாவது திட்டு, ஒரு பொய் சொல்லு என்று கெஞ்சத் தோன்றியது.

இதே நல்லவர்கள் பிரச்சினைதான் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யிலும். 2025 மே 1, சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு மோதி அதைவிட நல்ல பெயர் வாங்கிய படம், இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இருபதுகளின் நடுவில்தான் வயது, நம்ப முடியவில்லை. சசிகுமாரும் சிம்ரனும் பொருத்தமான ஜோடி, அந்தச் சின்னப் பையன் கமலேஷ் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்குகிற ஈழத்தமிழ்க் குடும்பம், சென்னைக் காலனி ஒன்றில் தங்கள் பேச்சை மறைத்துக்கொண்டு வாழ்கிறது. காலனிக்காரர்கள் ஒவ்வொருவராக மனம் மாறுவதை நான் நம்பினேன். போலீசும் மாறுவதைத்தான் நம்ப முடியவில்லை. இங்கே முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, குடியுரிமை இல்லாமல் நடுவயதைத் தொட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று 2021இல் மாற்றினார்கள். அந்தச் சனங்களில் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

'தக் லைஃப்' பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மணிரத்னம், கமல், ரகுமான், சிம்பு. வாடகையை விடுங்கள், அந்தப் படத்தில் யாராவது பசித்துச் சாப்பிட்டதாகவே எனக்கு நினைவில்லை. சின்மயி மேடையில் பாடி ஊரெல்லாம் கேட்ட 'முத்த மழை'யைப் படத்துக்குள் தேடிக்கொண்டே இருந்தேன், அது படத்திலேயே இல்லை. நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிட்டது, வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்தும் என் கருத்து மாறவில்லை.

இப்படியெல்லாம் எழுதுவதே தப்பு, விமர்சனத்தால்தான் படங்கள் விழுகின்றன என்று 2024 கடைசியில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது, முதல் மூன்று நாள் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று கேட்டார்கள், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. நான் எழுதுகிற வேகத்துக்கு அவர்கள் பயப்படவே வேண்டாம், மேலே உள்ள படங்கள் எல்லாமே ஓடி முடித்து ஓடிடியில் வந்து உட்கார்ந்துவிட்டன. 'பேட் கேர்ள்' பற்றியும் எழுத நினைத்தேன், டீசருக்கே வழக்குப் போட்ட படம் அது. மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிற விஷயத்தைத்தான் அதில் பேச வேண்டும், அதற்கு இன்னொரு தடவை பார்க்கணும். அடுத்த பதிவில்.